ஒரு நிமிடச் சேலை

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மரகதவல்லியின் பதினான்கு சேலைகளையும் ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு நான் தையல்காரரிடம் போனேன். மரகதவல்லி என் மனைவி. அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கும்போது போனதால் திருட்டுத்தனமாகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரை போட்டால் அந்த நேரத்தில் தூங்குவாள். எனக்கும் வெளியே போக அந்த நேரம்தான் வாய்க்கும். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், தம்பி. "சார், நீங்க யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டீர்கள் இல்லையா? நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. சும்மா வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமையும் சனிக்கிழமையும் வருவேன். உள்ளே இருப்பது உங்கள் அம்மாதானே? வாதம் எந்தப் பக்கம் இழுத்தது? இடதா? அப்படியென்றால் கொஞ்சம் பரவாயில்லை. மரகதத்துக்கு வலது. வலது பக்கம் என்றால் பேச்சும் சேர்ந்து அடிபடும். அவளுக்கு மூன்று மாதத்தில் பேச்சு வந்துவிட்டது. கொஞ்சம் குழறும். வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தூக்குவாள், விரல் மூடாது.

நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். அவள் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர். எனக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாள். வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. காலையில் குளித்து, கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டி, கொசுவம் ஒரே அளவாக வைத்து, ஊக்குக் குத்திக்கொண்டுதான் வாசலுக்கே வருவாள். ஆபீஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தவள். அங்கே அவளை யார் பார்த்தார்கள்? அப்போதும் அப்படித்தான் கட்டுவாள். நான் கிண்டல் செய்திருக்கிறேன். "டெலிபோன்ல சேலை தெரியுமாடி?" என்று. "குரல்ல தெரியும்" என்பாள்.

படுத்தபிறகு எல்லாம் நான்தான். பல் தேய்த்துவிடுவேன். குளிப்பாட்டுவேன். ஊட்டுவேன். தலை வாருவது கஷ்டமாக இருந்தது. பார்லர் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி ஆறு வாங்கினேன். பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு விழுந்தால் யார் பதில் சொல்வது? கட்டிலுக்குப் பக்கத்தில் நானே ஒரு காலிங் பெல் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அமுக்கலாம். தெருவே பேசியது, தம்பி. எதிர்வீட்டு சாந்தி தன் புருஷனிடம், "அந்த அண்ணன் காலைக் கழுவி குடிங்க" என்றாளாம். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு. லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவன் சப்ஸ்டேஷனில் கேட்டு, அவர்கள் கரண்டை நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் கம்பியைத் தொடணும். கேட்காமல் தொட்டவனை நான் கீழே இறக்கியிருக்கிறேன். துணி போட்டு மூடியும் இறக்கியிருக்கிறேன். அதனால் வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம். "எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. நான் வந்தப்புறம் காலைக் கீழ வை." அவள் கட்டிலில் இருந்தபடியே, குழறிக்கொண்டு, "போர்மேன் சார், திரும்பிப் படுக்கணும். எல்.சி. உண்டா?" என்பாள். நானும் சிரிப்பேன். "உண்டு, உண்டு" என்பேன். அப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் அம்மாவை எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள்? சரி, நேரம் இருக்கிறது.

இந்த இடத்துக்கு எழுதிக் கொடுத்தவர் எங்கள் டாக்டர். ஆக்குபேஷனல் தெரபி என்று சீட்டில் இருந்தது. முதல் நாளே நான் அந்தப் பெண் விஜிலாவிடம் கேட்டேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண். உங்கள் அம்மாவை உள்ளே அழைத்துப் போனதே, கண்ணாடி போட்ட பெண், அதுதான். "ஏம்மா, ஆக்குபேஷன்னா உத்தியோகம். இவ ரிட்டயர் ஆனவ. இவளுக்கு இனிமே என்ன உத்தியோகம்?" என்றேன்.

"காலையில எழும்புனதுல இருந்து படுக்கிறது வரைக்கும் ஒரு ஆள் தன்னால செய்யுறது எல்லாமே எங்களுக்கு உத்தியோகம்தான் சார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மரகதத்தின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்களே உங்க கையால செய்யணும்னு ஆசைப்படுறது என்ன? ஒண்ணு சொல்லுங்க."

"முதல்ல பிடிக்காம நடக்கணும்" என்றேன் நான்.

"சார், அம்மாகிட்ட கேட்டேன்."

"அவளுக்குப் பேசினா தடுமாறும். அதுக்காகச் சொன்னேன்."

"தடுமாறட்டும் சார். எனக்கு அவசரம் இல்ல."

மரகதம் என் முகத்தைப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். "சமையல்னு சொல்லும்மா. ரசம் வைக்கணும்னு சொன்னியே?" அவள் ரசத்தைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு ஞாபகம் வந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "இவரு வெளிய போகட்டும். சொல்றேன்."

வந்தேன். இதே பெஞ்ச்தான். கதவு மெல்லிய பிளைவுட். காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தானாகக் கேட்கும். அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்.

"சேலை கட்டணும். யாரும் தொடாம."

நான் வெளியே இருந்து சிரித்துவிட்டேன். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. "எந்த மாதிரி சேலை அம்மா, காட்டனா?" என்று அந்தப் பெண் கேட்டது காதில் விழுந்தது.

அதோ அந்தச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? இந்தத் தொழிலுக்கு அடிப்படையான விழுமியங்களாம். சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் விவேகம் என்று ஒன்று இருக்கிறது. நான் தினம் படிப்பேன். விவேகம் என்னுடைய கட்சி என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கை வராத பொம்பளை ஐந்தரை மீட்டர் துணியைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நிற்பது என்ன விவேகம்? தடுக்கிவிட்டால்?

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? முதலில் ஒரு பழைய சேலையைப் பாதியாக மடித்துக் கொடுத்துப் பழக்கினாள். நின்றுகொண்டு கொசுவம் வைக்க முடியாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையின் மேல் துணியைப் போட்டு, இடது கையால் மடிப்பு மடிப்பாக அடுக்க வேண்டும். அடுக்கினது நழுவும் இல்லையா? அங்கேதான் வலது கையைக் கொண்டுவந்தாள். "இந்தக் கை பிடிக்காது அம்மா. ஆனா கல்லு மாதிரி அமுக்கும். அதுக்கு அந்த வேலையைக் கொடுப்போம்." மரகதம் தோளிலிருந்து கையைத் தூக்கி மடிப்பின் மேல் வைத்துக்கொள்வாள். அப்புறம் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்று. அப்புறம் எழுந்து, சுவரில் சாய்ந்து, சொருக வேண்டும். உள்பாவாடைக்கு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீட்டில் செய்வாளே, அதைப் பார்த்துத்தான். இங்கே என்னை உள்ளே விடமாட்டார்கள்.

வீட்டில் செய்வது என்றால், காலையில் ஆரம்பித்தால் பத்திரிகைக்காரன் வந்து, பால்காரன் வந்து, நான் குளித்து முடித்துச் சாமி கும்பிட்ட பிறகும் முடியாது. வேர்த்துக் கொட்டும். அடுக்கின மடிப்பு கீழே போகும். திரும்ப எடுப்பாள். எனக்கு அதைப் பார்க்க முடியாது, தம்பி. நான் செய்தால் நான்கு நிமிஷம். விஜிலா என்னிடம் சொல்லியிருந்தாள்: "சார், நீங்க பக்கத்துல நில்லுங்க, வேண்டாம்னு சொல்லல. கையைப் பின்னால கட்டிட்டு நில்லுங்க."

நின்றேன். ஒரு நாள் அப்படியே நின்றேன். அவள் கொசுவத்தைக் கிளிப்போடு பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சுவரில் சாய்ந்துவிட்டாள். எலாஸ்டிக்கைக் கட்டைவிரலால் இழுத்து உள்ளே தள்ளுகிறாள். முக்கால்வாசி போய்விட்டது. ஒரு ஓரம் மட்டும் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஓரம். என் கை தானாகப் போய் அதை உள்ளே தள்ளிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கிளிப்பை எடுத்தாள், சொருகினது அத்தனையையும் உருவினாள், சேலை மொத்தமும் கீழே விழுந்தது. உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏன்டி, முடிஞ்சு போச்சேடி!" என்றேன்.

"உங்களுக்கு முடிஞ்சுது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அவளுக்கு அவசரம் ஒன்று இருந்தது. வைகாசியில் ஒரு கல்யாணம். டெலிபோன் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தியின் மகளுக்கு. பழைய ஆபரேட்டர்கள் எல்லோரும் வருவார்கள். நோயில் விழுந்தபிறகு அவர்களை அவள் பார்க்கவில்லை. வருகிறோம் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நைட்டியோடு படுத்திருக்கிற என்னைப் பார்க்க வேண்டாம் என்று ரெஜினாவிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். ரெஜினா அவளுக்கு நெருங்கின சிநேகிதி. பக்கத்து ஸீட். இந்தக் கல்யாணத்துக்கு நானே சேலை கட்டிக்கொண்டு வருகிறேன் பார் என்று அவளிடம் சவால் மாதிரி சொல்லிவைத்திருந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முகூர்த்தம் ஏழரை மணிக்கு. இவள் எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை மணிக்குக் கட்டி முடிப்பது? மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கொசுவம் அவிழ்ந்தால்? அதைத்தான் நினைத்தேன். அவள் அவமானப்படக்கூடாது என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு என்ன நினைத்தேன், சொல்லுங்கள்?

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு நிமிடச் சேலை. கொசுவத்தை மடித்துத் தைத்து, இடுப்பில் ஒட்டுகிற பட்டை வைத்துவிடுகிறார்கள். பாவாடை மாதிரிச் சுற்றி ஒட்டினால் போதும். முந்தானையும் மடித்துத் தைத்தே இருக்கும். எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். மடிப்பு கலையவே கலையாது. அவளுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. நான் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை. பதினான்கையும் எடுத்துக்கொண்டேன்.

தையல்காரர் ஹக்கீம் பாய் தெரிந்தவர்தான். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெட்டாமலும் தைக்கலாம் சார். ஆனா இடுப்புல தடிப்பா நிக்கும். வெட்டித் தைச்சா நல்லாப் படியும். வெட்டினா ஒட்ட முடியாது" என்றார்.

"நல்லாப் படியுறது எதுவோ அதைப் பண்ணுங்க பாய்."

"ஒண்ணு தைச்சுத் தர்றேன். அம்மா போட்டுப் பாக்கட்டும். பிடிச்சுதுன்னா மிச்சத்தைக் கொண்டாங்க."

"பிடிக்கும், பிடிக்கும். எல்லாத்தையும் தைங்க."

"அம்மாகிட்ட கேட்டுட்டீங்கல்ல?"

"அவளுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மின்வாரிய போர்மேன் சொன்னால் கேட்டுத்தானே பழக்கம்.

தைத்து வாங்கி வந்தேன். வெட்டி எடுத்த மிச்சத் துண்டுகளை அவர் தனியாக ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார். நூல்கூட வீணாக்க மாட்டார். அந்த மூட்டையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஸ்கூட்டர் டிக்கியில்தான் கிடக்கிறது. தூக்கிப் போட வேண்டும்.

அன்று சாயங்காலம் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினேன். ஒன்றை எடுத்து என் இடுப்பிலேயே சுற்றி ஒட்டிக் காட்டினேன். "பாத்தியா? ஒரே நிமிஷம். நீயே போட்டுக்கலாம். யாரும் தொட வேண்டாம்." நான் அதைச் சொன்னேன், தம்பி. அவள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவள் இடது கையை நீட்டி, பக்கத்தில் இருந்த ஊதாச் சேலையின் ஓரத்தைத் தடவினாள். வெட்டின இடம் வந்ததும் விரல் நின்றது. அடுத்ததைத் தடவினாள். அதற்கு அடுத்ததை.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லாம்."

"அந்தப் பச்சையுமா? வீட்ல பழகுறதுக்கு வச்சிருந்தது?"

"அதையும்தான். இனிமே பழக வேண்டியதே இல்லையே!"

தடவின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்றாள். நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள். நான் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மறுநாள் காலை பல் தேய்க்க பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் இடது கையால் தானே தேய்க்கப் பழகியிருந்தாள். ஸ்பூனால் சாப்பிடவும் செய்வாள். பிரஷ் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. விழவில்லை. விட்டாள். விழுவதற்கும் விடுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் தேய்த்துவிட்டேன். புதன்கிழமை இங்கே வரக் கிளம்பச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். சனிக்கிழமையும் அதே பதில்தான்.

கல்யாணத்துக்குப் போனோம். மாம்பழ நிறச் சேலை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலதை நான் பிடித்துக்கொண்டேன். சுற்றி ஒட்டினேன். உண்மையிலேயே ஒரு நிமிஷம்தான் ஆனது. மண்டபத்தில் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "மரகதம், கொசுவம் அப்படியே பழைய மாதிரி இருக்குடி!" என்றாள் ஒருத்தி. ரெஜினா அவள் கன்னத்தைப் பிடித்து, "ஜெயிச்சுட்டியேடி! நீயே கட்டினியா?" என்றாள்.

"இல்ல. அவருதான்" என்றாள் மரகதம்.

அவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கிளாஸ் எடுங்க" என்றாள் முன்னால் பேசியவள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பந்தியில் அவளுக்கு அந்தப் பக்கம் ரெஜினா, இந்தப் பக்கம் நான். இலை போட்டு எல்லாம் பரிமாறிவிட்டார்கள். மரகதம் கையை எடுக்கவில்லை.

"ஏன்டி, ஸ்பூன் கொண்டு வரலையா?" என்றாள் ரெஜினா.

"பையில இருக்கு."

"அப்புறம்? எடு."

"எதுக்கு? இவரு இருக்காரே" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். குழந்தை மாதிரி. எதிர்வரிசையில் டெலிபோன் ஆபீஸ் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். ஒரு வாய், இரண்டு வாய். மென்று முழுங்கிவிட்டுத் திரும்ப வாயைத் திறப்பாள். கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. ஓரத்தில் வழிந்ததைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. நான்தான் துடைத்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ரெஜினா பாயசம் வருவதற்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். பசி இருந்தது. என் இலையில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்புறம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அப்படியே போயிற்று. வேலை எனக்கு அதிகமானது. திரும்பிப் படுக்கவும் நான்தான். ஈ உட்கார்ந்தால் விரட்டவும் நான்தான். பெல் அடிப்பதில்லை. நானே போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். எல்.சி. கேட்கிறதையும் விட்டுவிட்டாள். "நீயே பண்ணும்மா, உன்னால முடியும்" என்று நான் கெஞ்சினேன். பாருங்கள், நான் கெஞ்சினேன். "நீங்கதான் நல்லா பண்றீங்களே" என்பாள். குரலில் குத்தலே இருக்காது. பழைய ஆபரேட்டர் குரல். தயவுசெய்து காத்திருக்கவும் என்று சொல்கிற மாதிரி.

நான் இங்கே வந்து விஜிலாவைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தது.

"நாலு மாசம் அவங்க உள்ள என்ன பண்ணாங்கன்னு ஒரு தடவை கேட்டீங்களா சார்?"

"வெளிய உட்காரச் சொன்னது நீங்கதானேம்மா?"

"என்கிட்ட இல்ல சார். அவங்ககிட்ட."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே?" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணச் சொல்லல. அவங்களா வரணும். எப்ப வந்தாலும் அவங்க நேரம் இங்க இருக்கும்."

இது ஒரு பதிலா? ஒரு மெஷின் கெட்டுப்போனால் எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டாமா? நான் நேராக சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினேன். பதினான்கு சேலை வாங்கினேன். பழைய நிறங்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஊதாவுக்கு ஊதா, பச்சைக்குப் பச்சை. கடைக்காரர், வீட்டில் விசேஷமா என்றார். ஆமாம் என்றேன். கொண்டுவந்து மடியில் வைத்தேன். "இந்தா, முழுச் சேலை. ஒண்ணும் வெட்டல. நீ இஷ்டப்படி கட்டிக்கோ." அவள் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "எடுத்து உள்ள வையுங்க" என்றாள். வைத்தேன்.

இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சரியாக அதே பதினான்கு.

ஆடியில் ரெஜினா வந்தாள். வரட்டுமா என்று கேட்கவில்லை, வந்துவிட்டாள். மரகதத்துக்கு மாற்றுத்துணி எடுக்கிறேன் என்று பீரோவைத் திறந்தவள், அந்தத் தைத்த சேலைகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து இடுப்புப் பட்டையைப் பிரித்தாள். பர்ரென்று சத்தம் வந்தது.

"அண்ணே, இது யாரு யோசனை?"

"என்னோடதுதான். கல்யாணத்துக்கு வசதியா இருக்கட்டும்னு."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பட்டையைத் திரும்ப ஒட்டி, மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"மரகதம், என் வீட்டுக்கு வர்றியா? நான் உனக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்கு முட்டி வலி. சோறு மட்டும் போடுவேன்."

"வர்றேன்" என்றாள் மரகதம்.

அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்றேன். ரெஜினா ஆட்டோவுக்குப் போன் போட்டாள். நான் பையைக் கட்டினேன். மாத்திரை, பிரஷ், நைட்டி, ஸ்பூன். புதுச் சேலைகளையும் எடுத்து வைத்தேன். "அது வேண்டாம். ரெஜினாகிட்ட வாங்கிக்கறேன்" என்றாள். ஆட்டோவில் ஏறும்போது நான் தூக்கிவிடப் போனேன். ரெஜினா தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மரகதம் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை ஏறி உட்கார்ந்தாள். தெருவில் சாந்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இப்போது ரெஜினா வீட்டில்தான் இருக்கிறாள். நாகல் நகரில். புதனும் சனியும் இரண்டு பேரும் இங்கே வருவார்கள். உள்ளே, உங்கள் அம்மாவுக்கு அடுத்த மேஜையில் இருப்பது அவள்தான். இப்போது சேலை இல்லை, வேறு என்னவோ பழகுகிறாள். என்னவென்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது என்னைப் பார்ப்பாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். சில நாள் பேசாமலும் போவாள். எனக்குக் கோபம் இல்லை. அவள் நன்றாக இருந்தால் சரி. அவளுக்காகத்தானே எல்லாம் செய்தேன். வீட்டில் கட்டில் விரிப்பை மட்டும் வாரம் ஒரு தடவை மாற்றி வைக்கிறேன்.

உங்கள் அம்மாவை வெளியே கொண்டுவந்ததும் ஆரஞ்சு உரித்து வாயில் வைத்தீர்களே, முன்னே ஒரு நாள், பார்த்தேன். நல்ல பிள்ளை. நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. உங்கள் அம்மா, உங்கள் இஷ்டம். அவர்கள் உரிக்க ஆசைப்படுகிறார்களா என்று ஒரு வார்த்தை... இல்லை, விடுங்கள். நான் யார் சொல்வதற்கு.

சேலை என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? ரெஜினா போனில் சொன்னாள். நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மரகதவல்லி தானே சேலை கட்டிக்கொண்டு, ரெஜினாவோடு டவுன் பஸ் ஏறி பேங்குக்குப் போய், பென்ஷனுக்கான உயிர்வாழ்வுச் சான்று கொடுத்துவிட்டு வந்தாள். நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்.